திண்ணைக்கு வரும் விருந்தாளி: பிச்சாவரம் பக்கத்து விவசாயிக்கு வருமானமா, கடனா?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போகும் சாலையில் இரண்டு காட்சிகளைச் சேர்ந்தே பார்க்கலாம். சாலையின் ஓரத்தில் சம்பா நெல் காய்ந்துகொண்டிருக்கும். நடுவில் சென்னை, புதுச்சேரி வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். வருகிறவர்கள் சீட்டு வாங்கிப் படகில் ஏறுவார்கள். ஒரு மணி நேரம் அலையாத்திக் காட்டைச் சுற்றுவார்கள். இறங்கியதும் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். ராத்திரி தங்குவது சிதம்பரத்திலோ புதுச்சேரியிலோதான்.

நெல்லைக் கிளறிக்கொண்டிருப்பவரிடம் யாராவது வண்டியை நிறுத்திக் கேட்பதுண்டு: "அண்ணே, இங்க குடும்பத்தோட தங்க இடம் இருக்கா?"

"இங்க ஏது தம்பி? சிதம்பரம்தான் போவணும்."

இந்தப் பதிலோடு ஓர் இரவுக்கான வாடகையும், இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசும், ஊரில் விளைந்த அரிசி, மல்லாட்டை, தேங்காய்க்கு நல்ல விலை கிடைக்கும் வாய்ப்பும் ஊரைத் தாண்டிப் போய்விடுகின்றன. அதனால் பரங்கிப்பேட்டை, கிள்ளை வட்டாரத்தில், "வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி விருந்தினர் தங்கும் இடமாக மாற்றினால் என்ன?" என்று பல குடும்பங்கள் யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன. கூடவே, "நீங்க எதுக்கு அலையுறீங்க, நிலத்தைக் குடுங்க, நாங்க ரிசார்ட் கட்டிக்கிறோம்" என்று பேசும் தரகர்களும் கடலோரக் கிராமங்களுக்குப் புதியவர்கள் அல்ல.

நிலத்தை விற்பதா, கடன் வாங்கிக் கட்டுவதா, இருக்கும் வீட்டிலேயே சிறிதாகத் தொடங்குவதா? தவறாக முடிவெடுத்தால் நிலமும் போகும், காடும் கெடும். சரியாகச் செய்தால் வீட்டில் ஒரு கறவை மாடு கூடியது போல ஒரு துணை வருமானம் கிடைக்கும். துணை வருமானம் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. விவசாயத்தை விட்டுவிட்டு விருந்தினரை நம்பி உட்கார இந்தத் தொழிலில் இடமில்லை.

விருந்தாளி வருவது காட்டுக்காக

பிச்சாவரம் தேசியப் பூங்கா அல்ல, காப்புக்காடு. வடக்கே வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கே கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையில், உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் கால்வாய்களும் சிறு தீவுகளுமாகப் பரந்து கிடக்கிறது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அப்படிச் சேர்க்கப்பட்ட பரப்பு சுமார் 1,478 ஹெக்டேர். சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லை இன்று சிதம்பரம் நகரத்தில் காணக் கிடைப்பது அரிது. பிச்சாவரத்தில் இன்னும் இருக்கிறது. 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் போன காட்சிகளைப் பார்த்துவிட்டு இந்த ஊரைத் தேடி வந்தவர்கள் ஏராளம்.

அந்தக் காடே ஒரு காலத்தில் பாதி அழிந்த நிலையில் இருந்தது. அதன் காரணம் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970-கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மரங்களை மொத்தமாக வெட்டும் முறை இருந்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராக மண்ணில் விழுந்தது. ஈரம் ஆவியாகி மண் உள்வாங்கித் தொட்டி போலப் பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வடிய வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. உப்பில் வளரும் மரத்துக்கே அந்த உப்பு தாங்கவில்லை. வடிகால் இல்லாத களர் நிலத்தில் நெல் படும் பாட்டைத்தான் அலையாத்தியும் பட்டது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு இதைச் சரிசெய்தன. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபக்கமும் மீன் முள் போலச் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்து வற்றத்தில் வெளியேறியது. உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரங்களில் நட்ட கன்றுகள் பிடித்தன.

இந்தக் காட்டின் மதிப்பு 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் ஆய்வாளர்கள் இந்தக் கடலோரத்தில் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து 2005-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடலிலிருந்து உள்ள தொலைவு, தரையின் உயரம், இடையில் இருந்த மரங்களின் பரப்பு ஆகியவை கூடக் கூட, உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைந்திருந்தன.

விருந்தினர் அறை தொடங்க நினைக்கும் குடும்பம் இதைத்தான் முதலில் மனத்தில் வாங்க வேண்டும். குளிர்சாதன அறை சென்னையிலேயே உண்டு. விருந்தாளி இங்கு வருவது காட்டுக்கும், அதை ஒட்டிய வயலுக்கும், வீட்டுச் சாப்பாட்டுக்கும்தான். அறையின் கழிவுநீர் உப்பனாற்றில் கலக்கத் தொடங்கினால் மீனும் இறாலும் குறையும். கழிமுகத்தில் கையாலேயே இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களின் அடுப்பு முதலில் அணையும். கொஞ்ச நாளில் விருந்தாளி வருவதும் நிற்கும்.

இறால் பண்ணைக் காலத்தை மறக்க வேண்டாம்

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் வந்தபோதும், "ஒரே வருஷத்தில் போட்ட காசு கைக்கு வரும்" என்ற பேச்சுதான் கடலோரமெங்கும் இருந்தது. பிறகு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. பண்ணை ஓரத்துக் கிணறுகளும் வயல்களும் உப்பேறின. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றும்படி 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் வாங்கிக் குளம் வெட்டியவர்கள் நோயையும் தீர்ப்பையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

சுற்றுலாவிலும் இதே போன்ற பாடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரியில் முதுமலை தேசியப் பூங்காவை ஒட்டிய மசினகுடி, சீகூர் பகுதியில் விடுதிகள் பெருகின. யானைகள் நடமாடும் அந்த நிலத்தைத் தமிழக அரசு 2010-ல் யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த அறிவிப்பை உறுதிசெய்தன. இடையில் 2018-லேயே பல விடுதிகளுக்கு சீல் வைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் மசினகுடியில் தங்குமிடம் ஒன்றின் அருகே வந்த யானை மீது எரியும் பொருள் வீசப்பட்டது. காது கருகிய அந்த யானை, சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்தது. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் அனுமதி பெற்று ஒழுங்காக நடத்தியவர்களும் சேர்ந்தே சோதனைகளைச் சந்திக்க வேண்டியிருந்தது. அனுமதியில்லாத ஒருவர் செய்யும் தவறு ஊருக்கே கெட்ட பெயரைக் கொண்டுவரும்.

நல்ல பாடங்களும் உண்டு. தேனி மாவட்டத்துக்கு அடுத்துள்ள தேக்கடியில், பெரியாறு காட்டுக்குள் புகுந்து வயணப் பட்டை திருடிக்கொண்டிருந்தவர்களே பின்னாளில் வழிகாட்டிகளாகவும் காட்டுக் காவலர்களாகவும் மாறினார்கள். 1990-களின் பிற்பகுதியில் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் அவர்களுக்கென்று ஒரு குழு அமைந்தது. காட்டின் சந்து பொந்து தெரிந்த அறிவே சம்பளமானது.

கேரளத்தின் குமரகத்தில் 2008-ல் பொறுப்புச் சுற்றுலா தொடங்கியபோது, குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் காய்கறி பயிரிட்டு அங்குள்ள விடுதிகளுக்கு நேரடியாகக் கொடுத்தன. அறை கட்ட வசதியில்லாத குடும்பமும் சுற்றுலாவில் சம்பாதிக்கலாம் என்பதை அது காட்டியது.

நேபாளத்தில் 1973-ல் அமைந்த சித்வன் தேசியப் பூங்காவை ஒட்டி, 2013-ல் அமல்தாரி என்ற கிராமம் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்கத் தொடங்கியது. அங்கே வருகிறவர்களை ஒரு பொதுக்குழு வீடுகளுக்கு முறைவைத்து அனுப்புகிறது. ஒரே வீடு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடியாது. அந்நாட்டுச் சட்டப்படி பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றியுள்ள மக்களின் வளர்ச்சிக்குத் திரும்புகிறது.

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

பேச்சில் எல்லாத் தொழிலும் லாபம்தான். ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிள்ளைப் பக்கம் ஒரு குடும்பம், இருக்கும் ஓட்டு வீட்டில் இரண்டு அறைகளைச் சீரமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கழிப்பறை, கட்டில், மெத்தை, கொசுவலை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து முதலீடு 4,00,000 ரூபாய். காலை உணவுடன் ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 1,500 ரூபாய்.

இந்தப் பகுதியில் வருடம் முழுவதும் ஆள் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வெள்ளமும். வைகாசி வரை நீளும் அக்னி வெயிலில் கூட்டம் குறைவு. வெளிநாட்டுப் பறவைகள் தங்கும் மார்கழி முதல் மாசி வரையும், ஆருத்ரா தரிசனம், சிவராத்திரி நாட்டியாஞ்சலி போன்ற சிதம்பரம் விழா நாட்களும், பள்ளி விடுமுறையும், மற்ற மாதங்களின் சனி ஞாயிறும்தான் நம்பிக்கை. ஓர் அறைக்கு வருடத்தில் 60 இரவு என்று வைத்தால், இரண்டு அறைக்கும் 120 இரவு. மொத்த வரவு 1,80,000 ரூபாய்.

செலவு இப்படிப் போகும். காலை உணவு 30,000. துணி வெளுப்பு, சோப்பு, மின்சாரம் 24,000. கூலி உதவி 18,000. பாதி முன்பதிவு இணையதளம் வழியாக வந்து, அவர்கள் 15 சதவீதம் கமிஷன் எடுத்தால் 13,500. வெள்ளையடிப்பு, பழுது 20,000. பதிவு, காப்பீடு 6,000. ஆக 1,11,500 ரூபாய். மிச்சம் 68,500 ரூபாய். வீட்டாரின் உழைப்புக்குக் கூலி இதில் சேர்க்கவில்லை.

முதலீடு சொந்தப் பணமாக இருந்தால், போட்டதை எடுக்க ஏறத்தாழ 6 வருடம் ஆகும். அதே 4,00,000 ரூபாயை 11 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் வருட வட்டியே 44,000 ரூபாய். ஐந்து வருடத்தில் அசலை அடைக்க வருடத்துக்கு 80,000 ரூபாய் வேண்டும். மிச்சமான 68,500 ரூபாயில் இரண்டையும் கட்ட முடியாது. முதல் வருடமே 55,500 ரூபாய் கைப்பணம் போட வேண்டும். மழை கூடுதலாகப் பெய்து 120 இரவு 80 ஆகக் குறைந்தால், மிச்சம் 37,000 ரூபாய்தான். அந்த வருடம் வட்டிகூட முழுதாகக் கட்ட முடியாது.

இந்தக் கணக்கு சொல்வது ஒன்றுதான். கடன் வாங்கிப் புதுக் கட்டடம் கட்டுகிறவருக்கு இது தொழில் அல்ல, சுமை. இருக்கும் வீட்டில், கையிலிருக்கும் காசில், முதலில் ஒரே ஓர் அறையைச் சீர்செய்து தொடங்குகிறவருக்கு இது தாங்கும். பயிருக்கென்று கிசான் கிரெடிட் கார்டில் வாங்கிய பணத்தை இதில் போடவே கூடாது.

லாபம் கூடுகிற இடம் அறை வாடகை அல்ல, விளைபொருள். மூட்டையாக வியாபாரிக்குப் போகும் நெல்லில் கொஞ்சத்தை அரைத்து 1 கிலோ, 2 கிலோ பைகளில் வைத்தால் விருந்தாளி கேட்ட விலைக்கு வாங்கிப் போவார். சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா போன்றவற்றுக்கு நகரத்தில் மதிப்பு அதிகம். வறுத்த மல்லாட்டை, மல்லாட்டை உருண்டை, செக்கில் ஆட்டிய எண்ணெய், வீட்டு வடகம், முந்திரிப் பருப்பு எதுவும் வீணாகாது. ஓர் இரவுக்கு 150 ரூபாய்க்கு விற்றாலே 120 இரவில் 18,000 ரூபாய். பக்கத்து வீட்டு மீனவரிடம் நண்டும் மீனும் வாங்கிச் சமைத்தால் அந்தக் காசும் ஊரிலேயே சுற்றும்.

யார் எழுந்து அடுப்பு மூட்டுவது?

இந்தக் கேள்வியை வீட்டு ஆண்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. விருந்தாளி வந்தால் அதிகாலையில் காபி, எட்டு மணிக்கு இட்லியும் சிதம்பரம் கொத்சும், மதியம் மீன் குழம்பு, கிளம்பியதும் படுக்கைத் துணி, கழிப்பறை. இதில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் தலையில் விழும். அதே காலத்தில் சம்பா அறுவடையும் மல்லாட்டைக் களையெடுப்பும் இருக்கும். மாட்டையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

அதனால் முதல் கூட்டம் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். எந்தெந்த நாளில் அறையைத் திறப்பது, அறுவடை வாரத்தில் மூடுவதா, வெளியாள் உதவிக்கு எவ்வளவு கூலி, வரும் பணம் யார் கணக்கில் சேர்வது ஆகியவற்றை மாமியார், மருமகள் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். சமையல் வருமானத்தைப் பெண்களின் வங்கிக் கணக்கிலேயே போடுவது நல்லது. "முடியாது" என்று அவர்கள் சொன்னால் அத்தோடு விட்டுவிடலாம். கட்டாயத்தில் செய்யும் விருந்தோம்பல் இரண்டாம் மாதமே முகத்தில் தெரிந்துவிடும்.

அறைக்கு வேண்டியவை

நகரத்தார் முதலில் பார்ப்பது கழிப்பறையைத்தான். கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும். மழைக்காலத்தில் சில அடிகளிலேயே தண்ணீர் நிற்கும். இங்கே உறிஞ்சுகுழி வெட்டினால் கிணறும் கைப்பம்பும் கெடும். அடியும் பக்கமும் பூசிய செப்டிக் டேங்க் கட்டி, நிரம்பும்போது வண்டி வைத்து எடுப்பதே சரி. குளித்த நீரை வாழை, கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம். வாய்க்காலில் விடக்கூடாது.

குடிநீரில் உப்பு இருந்தால் சொல்லிவிடுங்கள். காய்ச்சிய நீரோ கேன் நீரோ தனியாக வையுங்கள். கொசுவலை, டார்ச், மின்சாரம் போனால் எரியும் விளக்கு கட்டாயம். கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் மேல்வலையும் வேண்டும்.

பூச்சிமருந்து வைத்த இடம் பூட்டியே இருக்க வேண்டும். மருந்து அடித்த வயலுக்குள் அந்த லேபிளில் சொன்ன நாள் முடியும்வரை யாரையும் விடக்கூடாது, குறிப்பாகக் குழந்தைகளை. விருந்தாளிக்குக் காட்டவும் சமைக்கவும் வீட்டருகே பத்து சென்ட்டில் மருந்தில்லாத காய்கறித் தோட்டம் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கூரை வேய்ந்த குடில் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த மாவட்டத்தில் முந்திரியையும் பலாவையும் தென்னையையும் சாய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தங்கும் அறை புயல் தாங்கும் கட்டடமாகவே இருக்கட்டும். கூரைப் பந்தல் பகலில் உட்காரப் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் முன்பதிவை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் நாணயம்.

காட்டுக்குள் போகும்போது

பிச்சாவரம் காப்புக்காடு. விருந்தாளி கேட்டார் என்பதற்காகத் தெரிந்தவர் தோணியில் ஏற்றி உள்ளே கூட்டிப்போவது சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து. அனுமதி பெற்ற படகுத்துறையிலிருந்து, உயிர்காப்பு உடை போட்டுத்தான் போக வேண்டும். தில்லை மரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். கிளையை ஒடிக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். பறவைக் காலத்தில் ஒலிபெருக்கி, வெடி, டிரோன் எதுவும் வேண்டாம்.

விருந்தாளிக்குக் காட்ட உங்கள் வயலே போதும். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் காட்டினால், "தாத்தா, கடலை மண்ணுக்குள்ளயா காய்க்கும்?" என்று பட்டணத்துப் பிள்ளை வாய்பிளக்கும். "ஆமாண்டா கண்ணு, பூ மேல பூக்கும், விழுது மண்ணுல இறங்கிக் காய் வைக்கும்" என்று சொல்ல நாம் வழிகாட்டிப் பயிற்சிக்குப் போக வேண்டியதில்லை.

வாசகர் கேள்விகள்

*என்னென்ன அனுமதி வேண்டும்?*

கடலூர் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் இல்ல விடுதிப் பதிவு பற்றி முதலில் கேளுங்கள். மத்திய சுற்றுலாத் துறையின் இல்ல விடுதித் திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை பதியலாம். உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். ஊராட்சி அனுமதி, தங்குவோர் பதிவேடு, அடையாள அட்டை நகல் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். சாப்பாடு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை.

*வீடு கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அறை கட்டலாமா?*

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். அலையாத்திக் காட்டை ஒட்டி 50 மீட்டர் காப்புப் பகுதி உண்டு. மத்திய அரசின் 2019 அறிவிக்கை, கடலோரக் கிராமங்களில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தம் வீட்டின் அடித்தளப் பரப்பையோ அமைப்பையோ முகப்பையோ மாற்றாமல் இல்ல விடுதி நடத்த இடம் தருகிறது. புதிதாக ஒரு சுவர் எழுப்பும் முன்பே சர்வே எண்ணுடன் போய் மாவட்டச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள்.

*விவசாய இலவச மின்சாரத்தில் அறைக்கு இணைப்பு கொடுக்கலாமா?*

கூடாது. பம்புசெட் இணைப்பிலிருந்து வயர் இழுத்தால் இணைப்பே துண்டிக்கப்படும், அபராதமும் வரும். எந்தக் கட்டண வகை என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

*ரிசார்ட்காரர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?*

முன்பணத்தைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். நீண்டகாலக் குத்தகையில் கட்டடம் எழும்பிவிட்டால் அந்த நிலம் மறுபடி வயலாகாது. அனுமதியில்லாமல் கட்டினால் நோட்டீஸ் பட்டாதாரரான உங்கள் பெயருக்கும் வரும். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

*அறை வைக்க இடமில்லை, நிலமும் அரை ஏக்கர்தான். எங்களுக்கு என்ன பயன்?*

குமரகத்தில் நடந்தது போல, அறை வைத்திருக்கும் வீடுகளுக்குக் காய்கறி, கீரை, முட்டை, பால் கொடுங்கள். சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து மல்லாட்டை உருண்டை, வடகம் செய்து விற்கலாம். கடனும் இல்லை, அனுமதிச் சிக்கலும் குறைவு. பலருக்கு இதுவே நல்ல வழி.

ஒரு வருடம் சோதித்துப் பாருங்கள்

நாலு குடும்பங்கள் சேர்ந்து, வீட்டுக்கு ஓர் அறை மட்டும் ஒதுக்கி, முறைவைத்து விருந்தினரை ஏற்று, ஒரே விலை, ஒரே விதி என்று வைத்துக்கொண்டு ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம். வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். மழை மாதங்களில் எத்தனை இரவு காலியாக இருந்தது, பெண்களுக்கு எவ்வளவு வேலை கூடியது, விளைபொருள் எவ்வளவு விற்றது என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள். அடுத்த அறையைச் சீர்செய்வதா, இதோடு நிறுத்துவதா என்பதை அந்த நோட்டு சொல்லும்.

நிலத்தையும் காட்டையும் கைவிடாமல் இதைச் செய்ய முடிந்தால், அடுத்த தை மாதம் நெல் காயும் சாலையில் வண்டி நின்று, "அண்ணே, தங்க இடம் இருக்கா?" என்று கேட்கும்போது, "இருக்கு தம்பி, வாங்க. நெல்லு மேல ஏத்தாம வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்று சொல்லலாம்.